அண்ணன் குடியை நிறுத்த வேண்டும் என்கிறார். கூட இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

மன்னார்குடிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணனுக்கு வயது 41. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். பதினைந்து ஆண்டுகளாகக் குடிப்பவர். இப்போது நாளொன்றுக்கு இரண்டு குவார்ட்டர் ஆகிறது. காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கிறது. மூன்று முறை நிறுத்தியிருக்கிறார்: ஒரு முறை ஐயப்பனுக்கு மாலை போட்டு, ஒரு முறை கோயிலில் கயிறு கட்டி, ஒரு முறை தனியார் மையம் ஒன்றில் 45 நாள் இருந்து. மூன்று முறையும் மீண்டும் தொடங்கிவிட்டார். அண்ணி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டார். போன வாரம் அண்ணன் தானாகவே, "என்னால தனியா முடியல, யாராவது கூட இருங்க" என்று சொல்லியிருக்கிறார். வீட்டிலேயே வைத்து நிறுத்திவிடலாமா, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்தை நம்பலாமா, கூட இருப்பது என்றால் சரியாக என்ன செய்ய வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

டெல்டா மாவட்டங்களில் குடிநோய் சிகிச்சைப் பிரிவுகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சமூகப் பணியாளராக இருந்தவன் என்ற முறையில் விரிவாகவே எழுதுகிறேன். குடியை நிறுத்துவது ஏழெட்டு நாள் வேலை; அதை மருத்துவமனை பார்த்துக்கொள்ளும். நிறுத்திய பிறகு நாள் தவறாமல் வருகிற மாலை ஆறு மணியை என்ன செய்வது என்பது ஓராண்டு வேலை. அதற்கு மருத்துவமனையில் ஆள் கிடையாது, உங்கள் அண்ணனாலும் தனியாக முடியாது. அவருக்கு மன உறுதி இல்லை என்று ஊர் சொல்லும். மூன்று முறை நிறுத்திக் காட்டியவருக்கு மன உறுதி இல்லை என்று எந்தக் கணக்கில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் தெளிந்த மனிதரை அதே ஆறு மணிக்கு, அதே ஆட்களின் நடுவில் கொண்டுபோய் விட்டிருக்கிறோம் என்பதே என் கணிப்பு.

நம் பக்கத்துக் குடி பெரும்பாலும் ஜமா சேர்ந்து குடிக்கும் குடி. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டைகளை எடை போட்டு, தைத்து, சுமந்து, லாரியில் அடுக்கி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. கூலி மூட்டைக் கணக்கில் மொத்தமாக வந்து, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்கப்படுவது அந்த நேரத்தில்தான். பிரிக்கிற இடத்திலேயே இன்னொரு கணக்கும் சேர்ந்துவிடுகிறது. ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார். அவர் திரும்புவதற்குள் பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர்ப் பாக்கெட்டும் சுண்டலும் வந்து சேர்கின்றன. அந்த இடத்தில் "எனக்கு வேண்டாம்" என்று சொல்கிறவர், பகல் முழுதும் தன் தலையில் மூட்டையை ஏற்றிவிட்ட ஆளையே வேண்டாம் என்று சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்ளப்படுகிறது. டாஸ்மாக் 1983இல் தொடங்கியது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. கடைகள் மூடப்பட்டன, திறக்கப்பட்டன, இடம் மாறின, நேரம் மாறின. கூலி பிரிக்கும் நேரமும் ஜமா கூடும் நேரமும் ஒன்றாக இருப்பது மட்டும் மாறவில்லை.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். வீட்டிலேயே வைத்து நிறுத்தக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தியோ ரம்மோ எதுவானாலும் அதில் 42.8 விழுக்காடு ஆல்கஹால். எடையில் ஏறத்தாழ 60 கிராம். இரண்டு குவார்ட்டருக்கு 120 கிராம். ஓர் ஆண் நாளொன்றுக்கு 100 கிராமைத் தாண்டினால் அதை மிக அதிக ஆபத்துள்ள குடி என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. ஆல்கஹால் நரம்பு மண்டலத்தை அமுக்கி வைக்கும் பொருள். ஆண்டுக்கணக்கில் அமுக்கப்பட்ட மூளை அதை ஈடுகட்ட எதிர்ப்பக்கம் முறுக்கேறி நிற்கிறது. அமுக்கிய கை திடீரென்று விலகினால் அந்த முறுக்கு முழுவதும் வெளியே வந்துவிடும். கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரையில் சிலருக்குப் பிதற்றல் நிலை வருகிறது. நேரம், இடம், ஆள் தெரியாது. சுவரில் பூச்சி ஊர்வது தெரியும். காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறும். கிராமத்தில் இதை ஜன்னி என்பார்கள், பேய் பிடித்தது என்றும் சொல்வார்கள். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும் நிலை இது.

ஒவ்வொரு கார்த்திகை முதல் தேதிக்கும் அடுத்த மூன்று நான்கு நாட்களில் எங்கள் வார்டில் கறுப்பு வேட்டிகள் கூடும். மாலை போட்ட அன்று காலையோடு குடியை முற்றாக நிறுத்தியவர்கள். ஒரு முறை அப்படி வந்த விவசாயத் தொழிலாளி ஒருவர், ஐம்பதை நெருங்கியவர், கழுத்தில் துளசி மாலையோடு கட்டிலில் குந்தியபடி போர்வையிலிருந்து நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார். வலக்கை பறிக்கும், இடக்கையில் சேரும், சேறு போக உதறுவார், முடியாகக் கட்டிப் பின்னால் போடுவார். இரண்டு மணி நேரம் கை நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற மனைவியிடம், "பொழுது போவுது பாரு, முடிய எண்ணிக்கிட்டே வா" என்றார். அந்த அம்மாள் வேறு வழி தெரியாமல் வெறும் தரையைப் பார்த்து எண்ணத் தொடங்கினார். ஐந்தாம் நாள் தெளிந்தபோது அவருக்கு எதுவும் நினைவில்லை. மனைவிக்கு எல்லாம் நினைவிருந்தது. உங்கள் அண்ணன் முன்பு மாலை போட்டபோது ஒன்றும் ஆகவில்லையே என்று நீங்கள் நினைக்கலாம். அப்போது அவர் காலையில் கட்டிங் போடுகிறவராக இருந்திருக்க மாட்டார். அந்த ஒரு வேறுபாடே போதும்.

மருத்துவமனையில் செய்வது எளியது. நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகளை முதல் நாள் அதிகமாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்துகிறார்கள். கூடவே வைட்டமின் பி1, அதாவது தயமின், ஊசியாகப் போடுகிறார்கள். இந்தத் தயமினைப் பற்றி ஒரு வார்த்தை: குடித்துச் சோர்ந்தவரைப் பக்கத்து கிளினிக்குக்கு அழைத்துப் போய் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வருவது நம் ஊர்களில் வழக்கம். நீண்ட நாள் குடித்து, சரியாகச் சாப்பிடாதவர் உடலில் தயமின் வற்றியிருக்கும்; அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் கண் அசைவு, நடை, நினைவாற்றல் ஆகியவற்றைத் தாக்கும் மூளைப் பாதிப்பு வரக்கூடும். ஆகவே அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து இரண்டுக்கும் பேருந்திலேயே போய்விடலாம். தமிழ்நாடு அரசு 2025இல் 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. எங்கே போவது என்று குழப்பமிருந்தால் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணிலோ, 14416 என்ற மனநல உதவி எண்ணிலோ கேட்கலாம், இரண்டுக்கும் கட்டணமில்லை.

தெரியாமல் கொடுக்கும் மருந்து பற்றி: வேண்டாம். பேருந்து நிலையச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும் அந்த விளம்பரப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற உண்மையான மருந்து ஒன்று உண்டு. 1940களில் டென்மார்க்கில் அதன் பயன் கண்டறியப்பட்டது. ஆல்கஹால் உடலில் உடையும்போது உண்டாகும் நச்சுப் பொருள் மேற்கொண்டு உடையாமல் அது தடுத்துவிடுகிறது. அதனால் அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து விழலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு இருக்கும். தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் பரிசோதித்து, வீட்டில் ஒருவர் கையிலிருந்து தினமும் வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு அது நல்ல காவல். தெரியாமல் குழம்பில் கலந்தால் அது விஷம் வைப்பதற்குச் சமம். உயிர் தப்பினாலும் அதன்பிறகு அவர் உங்கள் கையால் ஒரு வாய் சோறு நம்பிச் சாப்பிட மாட்டார். குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற வேறு மருந்துகளும் உண்டு; கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கும் நிலையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

தனியார் மையத்தில் இருந்த 45 நாளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். இரவில் ஆட்கள் வந்து வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனதும், அறை பூட்டப்பட்டிருந்ததும், அடி விழுந்ததும் சிகிச்சையில் சேர்ந்தவை அல்ல. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 குடியால் உண்டாகும் மனநிலைப் பாதிப்புகளையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களை உள்ளே தங்கவைத்து சிகிச்சை தரும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும், சங்கிலியால் கட்டுவது தடை செய்யப்பட்டிருக்கிறது, நோயாளியைக் கண்ணியமாக நடத்த வேண்டும். இனி எந்த மையத்துக்குப் போனாலும் முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று கேளுங்கள். வீட்டார் எப்போது பார்க்கலாம் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தில் ஆளை விடாதீர்கள். நல்ல மையங்களும் நிச்சயமாக இருக்கின்றன. ஆனால் எவ்வளவு நல்ல மையமானாலும் 46ஆம் நாள் கதவு திறக்கும்போது வெளியே யார் நிற்கிறார்கள் என்பதே பெரிய கேள்வி. உங்கள் அண்ணனுக்கு அன்று நின்றது பழைய ஜமாதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "வந்த அன்னிக்கே ராத்திரி கூட்டாளிங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க."

ஆகவே கூட இருப்பது என்பதன் முதல் பொருள் இன்னொரு ஜமாவைக் கண்டுபிடித்துக் கொடுப்பது. குடிநோயாளருக்குக் குடிநோயாளரே துணை என்ற எண்ணம் அமெரிக்காவில் அக்ரான் என்ற ஊரில் 1935இல் நடந்த ஒரு சந்திப்பிலிருந்து பரவியது. பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரர் குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆன நிலையில் வேலையாக அங்கே போகிறார். போன காரியம் கெட்டுவிடுகிறது. தங்கியிருந்த ஓட்டலின் மதுக்கூடம் இழுக்கிறது. அந்த நேரத்தில் அவர் தேடியது, தான் பேசுவதற்கு இன்னொரு குடிகாரரை. அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற மருத்துவர். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஐத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, என்ற அமைப்பு தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. டெல்டாவில் இருப்பவருக்கு இந்தத் தேதி நினைவில் நிற்பது எளிது. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளுக்கு இரண்டு நாள் முந்தையது.

ஏஏ கூட்டத்துக்குப் போக ஒரே தகுதி குடியை நிறுத்தும் விருப்பம். கட்டணம் இல்லை, முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட்டு அறிவுரை சொல்வதில்லை. அங்கே ஒலிக்கும் பேச்சு எங்களைப் போன்ற ஆலோசகர்களின் பேச்சைவிட வேலை செய்வதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். நான் மூன்று வாரம் சொல்லி ஏறாத ஒன்றை, "என் பொண்ணு காது குத்துக்கு நான் பாருல கெடந்தேன்" என்று ஒரு லாரி ஓட்டுநர் சொன்ன ஒரே வாக்கியம் ஏற்றியது. இது வெறும் அனுபவப் பேச்சும் இல்லை. 2020இல் வெளிவந்த கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கிய 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஏஏவில் முறையாக இணைத்துவிடும் சிகிச்சை தொடர்ச்சியாகக் குடியற்றிருப்பதில் மற்ற நிலைபெற்ற உளவியல் சிகிச்சைகளைவிடச் சற்று மேலான பலன் தருகிறது என்று முடிவு செய்தது. அங்கே கடவுளைப் பற்றிய பேச்சு வருவதால் சிலருக்குத் தயக்கம் வரும். அவரவர் புரிந்துகொண்ட வகையில் என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள், பிடிக்காததை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர்களும் தேறியிருக்கிறார்கள். டாஸ்மாக் வரிசையில் மட்டும் சாதி கிடையாது என்று நம் ஊரில் கேலி பேசுவார்கள். மிராசுதார் வீட்டுப் பிள்ளையும் அவர் வயலில் நாற்றுப் பறித்தவரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒருவர் சொல்வதற்கு மற்றவர் தலையாட்டிய கூட்டம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். வெளியே போனதும் இருவரும் வேறு வேறு தெருவுக்குத்தான் போனார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

ஊரே கூட இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் சென்னையில் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, பின்னர் குடவாசல் பக்கத்து மஞ்சக்குடியில் கிராம முகாம்களை நடத்தியது. நோயாளியைச் சென்னைக்கு அழைப்பதற்குப் பதிலாக மருத்துவரும் ஆலோசகரும் கிராமத்துக்கு வந்தார்கள். பதினைந்து நாள் முகாம், குடும்பத்தாருக்கும் தனி வகுப்பு, முடிந்த பிறகும் தொடர் சந்திப்பு. ஊர்ப் பெரியவர்கள் ஆளைக் கண்டறிவதிலிருந்து பின்னால் அவரைக் கவனிப்பது வரை பங்கெடுத்தார்கள். ஒரே ஊரைச் சேர்ந்த பலர் ஒரே நேரத்தில் நிறுத்தும்போது, திரும்பி வருகிறவருக்கு உட்கார ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் அதன் சூட்சுமம்.

உங்கள் அண்ணன் மாலை போட்ட காலத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 48 நாள் அவரை எது தாங்கியது? குருசாமி ஒருவர் இருந்தார். ஊரார் பெயரைச் சொல்லாமல் "சாமி" என்று கூப்பிட்டார்கள். விடியற்காலையில் குளியல் இருந்தது. மாலையில் பஜனை இருந்தது, அதுவும் சரியாக அந்த ஆறு மணிக்கு. உடன் விரதமிருப்பவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். சிகிச்சை மையங்கள் பணம் வாங்கிக்கொண்டு உருவாக்க முயல்வது இதைத்தான். மாலையைக் கழற்றிய அன்று எல்லாம் ஒரே நாளில் கலைந்தது. கயிற்றையும் அப்படியே பார்க்கிறேன். நம்பிக்கையுள்ளவர் கட்டிக்கொள்ளட்டும், தடுக்க வேண்டியதில்லை, கயிற்றோடு பத்துப் பேரும் ஒரு மாலை வேலையும் சேர்ந்து வர வேண்டும்.

வீட்டார் செய்யக்கூடியதில் முதன்மையானது இந்த ஆறு மணிதான். நான் பார்த்ததிலேயே எளிய ஏற்பாட்டைச் சொல்கிறேன். கும்பகோணம் பக்கத்தில் ஒரு கொள்முதல் நிலையத்துக்கு எதிரே டீக்கடை. நிறுத்தி இரண்டாண்டு ஆன ஒருவர், எட்டு மாதம் ஆன ஒருவர், குடியே அறியாத ஒரு மைத்துனர் ஆகிய மூவரும் தினமும் ஐந்தே முக்காலுக்கு அந்த பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். மருத்துவமனையிலிருந்து வந்து இரண்டு வாரமே ஆன நான்காமவர் நிலையத்தின் கேட்டைத் தாண்டியதும் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து போய் அவருடைய சைக்கிளைப் பிடித்துக்கொள்வார். டீ, வடை, அரசியல் வம்பு, ஏழரை மணிக்கு வீடு. யாரும் "இன்னிக்கு எப்படி இருந்துச்சு" என்று கூடக் கேட்கவில்லை. பசியோடு இருப்பவருக்குக் குடி வேட்கை கூடும் என்பதால் அந்த வடைக்கும் ஒரு மருத்துவ நியாயம் உண்டு. கூலியை மைத்துனரே வாங்கி, அவருடைய மனைவியிடம் கொடுத்துவிடுவார். அதற்கு நான்காமவர் முன்பே ஒப்புக்கொண்டிருந்தார், ஒப்புக்கொள்ளாமல் பிடுங்கியிருந்தால் ஒரு வாரம்கூட ஓடியிருக்காது. உங்கள் வீட்டில் மாமாவோ, சித்தப்பா மகனோ, அண்ணனுடன் படித்தவரோ, யார் அந்த நேரத்துக்கு ஆள் என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். ஒருவர் போதாது, மூன்று பேர் வேண்டும். ஒருவருக்கு வேலை வந்தால் மற்றவர் நிற்க வேண்டும்.

முடிந்தால் முதல் மூன்று மாதம் அந்த நிலையத்து வேலையே வேண்டாம். மீண்டும் குடிப்பவர்களில் பெரும்பாலோர் இந்தக் காலத்தில்தான் வழுக்குகிறார்கள். "உடம்பு வலிக்குத்தான் குடிக்கிறேன்" என்று அவர் சொல்வது பொய்யில்லை. மூட்டை தூக்குகிறவருக்கு முதுகும் தோளும் வலிக்காமல் என்ன செய்யும்? மது வலியைச் சில மணி நேரம் மறைத்து, தூக்கத்தைக் கெடுத்து, மறுநாள் வலியைக் கூட்டிவிடுகிறது. அந்த வலிக்குத் தனியாக வைத்தியம் பாருங்கள். மருத்துவரிடம் அதை வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள்.

வாயை முகர்ந்து பார்ப்பது, சட்டைப்பையைத் துழாவுவது, பிள்ளைகளை உளவு பார்க்க அனுப்புவது ஆகியவற்றை நிறுத்துங்கள். அவை காவல் வேலை. காவலை ஏமாற்றுவதில் பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர் அவர். குடும்பத்தாருக்கென்று உருவாக்கப்பட்ட ஒரு பயிற்சி முறை அமெரிக்காவில் இருக்கிறது, கிராஃப்ட் என்பார்கள். அதன் சாரம் நம் பாட்டிமாருக்குத் தெரிந்ததுதான்: தெளிவாக இருக்கும் நேரத்தில் பக்கத்தில் இருங்கள், பிடித்ததைச் சமைத்துப் போடுங்கள், பேசுங்கள், போதையில் இருக்கும் நேரத்தில் சண்டையும் வேண்டாம் உபசரிப்பும் வேண்டாம், விலகிவிடுங்கள். குடியால் வந்த கடனை நீங்கள் அடைப்பதும், "அண்ணனுக்குக் காய்ச்சல்" என்று மேஸ்திரியிடம் பொய் சொல்வதும் அன்பினால் செய்வதே என்றாலும், அந்தச் சுமையை அவர் உணரவிடாமல் செய்துவிடுகின்றன.

டெல்டாவில் ஆபத்து நாட்களுக்கு ஒரு பஞ்சாங்கமே எழுதலாம். சம்பா அறுவடையில் கை நிறையக் காசு வரும் தை, மாசி, வேலையே இல்லாமல் மழையில் வீட்டுக்குள் முடங்கும் ஐப்பசி, கார்த்திகை, தீபாவளி, ஊர் மாரியம்மன் திருவிழா. எல்லாவற்றையும்விட மோசமானது சாவு வீடு. பாடை தூக்குகிறவர்களுக்கும் பறையடிக்கிறவர்களுக்கும் சரக்கு வாங்கிக் கொடுப்பது மரியாதையாகவே ஆகிவிட்ட ஊர்களில், துக்கத்தில் இருப்பவர் கையில் டம்ளரைத் திணிப்பது ஆறுதல் சொல்வதாகக் கருதப்படுகிறது. போகாமல் இருக்க முடியாது; மாலை போட்டு, ஒரு மணி நேரம் இருந்து, துணைக்கு வந்தவருடன் திரும்பிவிட வேண்டும். கிழக்கே காரைக்கால் எல்லை இருக்கிறது. நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் தனியாக வேலைக்குப் போகிறேன் என்றால் கொஞ்ச நாள் கழித்துப் போகட்டும்.

இவ்வளவும் செய்தும் அவர் ஒரு நாள் குடித்துவிடலாம். அன்று வீட்டில் நடப்பது முக்கியம். "எல்லாம் போச்சு" என்று நீங்கள் சொன்னால் அவரும் அதையே நம்பி அடுத்த நாளும் குடிப்பார். மறுநாள் காலை தெளிந்ததும் மாத்திரை வாங்கிய அதே மருத்துவரிடமோ கூட்டத்துக்கோ அழைத்துப் போங்கள். எங்கே, யாருடன், என்ன நேரத்தில் நடந்தது என்று கேட்டு, அந்த இடத்தை அடைக்க வழி பாருங்கள். ஒரு வாரம் தொடர்ந்து குடித்துவிட்டார் என்றால் மீண்டும் வீட்டில் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள்; முதலில் சொன்ன வலிப்பு அபாயம் திரும்பவும் இருக்கிறது.

அண்ணி பற்றி. அவரை உடனே திரும்ப அழைத்துவரும்படி பஞ்சாயத்து பேசாதீர்கள். அவர் பட்டதை அவர்தான் அறிவார். ஆறு மாதம் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் அது நியாயமான கோரிக்கை. அண்ணன் கை நீட்டியிருந்தால், பாதுகாப்புதான் முதலில். பெண்களுக்கான உதவி எண் 181ஐ அவரிடம் கொடுத்துவையுங்கள். குடிநோயாளரின் குடும்பத்தாருக்கென்று 1951இல் தொடங்கிய அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. அருகில் நடந்தால் நீங்களும் அண்ணியும் போகலாம், அண்ணன் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும். உங்களுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வாரத்தில் எத்தனை நாள் உங்களால் முடியும் என்று சொல்லிவிட்டு அந்த நாட்களில் மட்டும் தவறாமல் வாருங்கள்; ஏழு நாளும் வருகிறேன் என்று சொல்லி மூன்றாம் வாரம் நின்றுபோகிறவரைவிட, செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஓராண்டு வருகிற தங்கை அவருக்குப் பெரிய பலம்.

நாளைக்கே கிளம்புங்கள். காலை எட்டு மணிக்குள் மருத்துவமனையில் இருந்தால் ஓ.பி. சீட்டு எளிதில் கிடைக்கும். ஆதார் அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், இரண்டு லுங்கி, துண்டு, ஒரு வாரத்துக்குத் துணையிருக்க ஓர் ஆள். பேருந்தில் நடுக்கம் மிகுந்தால் இறங்கி 108ஐக் கூப்பிடுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், இரும்புச் சாவி கொடுக்காதீர்கள். கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள்: கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார், எவ்வளவு, முன்பு நிறுத்தியபோது எப்போதாவது வலிப்போ பிதற்றலோ வந்ததா. மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான். அந்த நேரத்தில் அண்ணனால் சரியாகச் சொல்ல முடியாது.